தேதிக் கணக்கும் பாஸ்காக் கணக்கும்: எங்கள் வீட்டு நிரந்தர நாள்காட்டி

2024 பிப்ரவரி 14 எங்கள் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தூத்துக்குடியிலேயே இருக்கிறோம். வீட்டிலேயே சாப்பாடு போட்டுவிடலாம் என்று ஜனவரி முதல் வாரமே சமையல்காரரிடம் மட்டன் பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி 4, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் அறிவிப்பு வாசித்தார்கள்: வருகிற 14ஆம் தேதி, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். பக்கத்தில் இருந்த அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு அது இன்னும் விபூதிப் புதன்தான். அன்றைக்கு ஒருசந்தி, சுத்தபோசனம். ஒரு வேளை முழுச் சாப்பாடு, கறி கிடையாது. விருந்தை 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். வெளியூரிலிருந்து புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்த இரண்டு குடும்பங்களால் வர முடியவில்லை. எனக்கு அதைவிட அதிகமாக உறுத்தியது அம்மா வீட்டுக்கு வரும் வழியில் சொன்ன வார்த்தை: "நாலாவது பிறந்தநாளுக்கும் இதேதான வந்துச்சு. 2018ல. அப்ப கேசரி கிண்டிக் குடுத்தோம், மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். அம்மா அதை 2018 காலண்டரில் எழுதியும் வைத்திருந்தார்கள். அந்தக் காலண்டர் 2019 ஜனவரியில் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

இந்தக் கட்டுரை, அதற்குப் பிறகு நாங்கள் செய்த நிரந்தர நாள்காட்டியைப் பற்றியது: எப்படிச் செய்தோம், முதலில் எங்கே தவறு செய்தோம், இரண்டு வருடப் புழக்கத்தில் என்ன தெரிந்தது என்பதெல்லாம். இதே மாதிரி ஒன்று செய்ய நினைக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

டிசம்பர் கடைசி வாரம்

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் அம்மா இரண்டு மாதக் காலண்டர்களையும் தரையில் விரித்து உட்காருவார்கள். பழையதில் இருப்பதைப் புதியதில் நீல மையில் எழுதுவார்கள். பிறந்தநாள், ஞானஸ்நான நாள், கல்யாண நாள், செத்தவர்களின் நினைவுநாள், யாருக்கு எந்தப் புனிதர் திருநாள் என்று எல்லாமும் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஏறும். 2021இல் கண்ணில் புரை வந்த பிறகு அது நின்றுபோனது. நாங்கள் யாரும் எடுத்துச் செய்யவில்லை. மூன்றே வருடத்தில் கொழுந்தன், நாத்தனார் பிள்ளைகளின் புதுநன்மை நாள் (முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள்) ஒன்றும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அச்சடித்த காலண்டர் ஒரு வருடத்துக்கானது, குடும்பத்தின் நினைவு அப்படி இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருவர் உட்கார்ந்து கையால் அடுத்த வருடத்துக்குக் கடத்தினால்தான் அது பிழைக்கும். அந்த ஒருவருடைய கண்ணோ கையோ தளர்ந்தால் அறுந்துவிடும்.

முதல் முயற்சி: நோட்டு

2024 தபசு காலத்திலேயே, அதாவது தவக்காலத்திலேயே, ஆரம்பித்தேன். 400 பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஒரு தேதி என்று ஜனவரி 1 முதல் எழுதினேன். கிழமை போடவில்லை. கிழமை போடாத நாள்காட்டி எந்த வருடத்துக்கும் பொருந்தும், அதுதான் நிரந்தர நாள்காட்டியின் அடிப்படை. அதுவரை சரி.

மார்ச் வந்ததும் மாட்டிக்கொண்டேன். 2024இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 31. அந்தப் பக்கத்தில் 'ஈஸ்டர்' என்று எழுதினேன், மார்ச் 29இல் 'பெரிய வெள்ளி', மே 19இல் 'தூய ஆவி பெருவிழா'. 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. எழுதியது அத்தனையும் அடித்தல். இன்னொரு தவறும் செய்தேன். ஒவ்வொரு நாளுக்கும் திருவழிபாட்டு நாள்காட்டியில் உள்ள எல்லாப் புனிதரையும் எழுதினேன். எங்கள் வீட்டுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதால் பிள்ளைகள் இரண்டாம் வாரமே நோட்டைத் திறப்பதை விட்டுவிட்டார்கள். எழுத எழுத நிறைய இருப்பதாக எனக்குத் திருப்தி, படிக்கிறவர்களுக்கு அது வெறும் பட்டியல்.

மேயில் அந்த நோட்டை மூடி வைத்தேன்.

இரண்டு கணக்கு

திருச்சபை ஆண்டில் இரண்டு கணக்கு கலந்து ஓடுகிறது. டிசம்பர் 25, ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருநாள், டிசம்பர் 3 சவேரியார் எல்லாம் தேதிக் கணக்கு. சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, தூய ஆவி வருகை, திருஇருதயத் திருநாள் எல்லாம் பாஸ்காக் கணக்கு, அதாவது ஈஸ்டரை வைத்து எண்ணுவது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. அந்த முழுநிலவும் திருச்சபைக் கணக்குப்படியானது. அதனால் ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னாலும் வராது. அது நகர்ந்தால் அதைச் சார்ந்த எல்லாம் கூடவே நகரும். ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மட்டும் மாறுவதே இல்லை.

இதைப் புரிந்துகொண்டதும் வேலை எளிதாகிவிட்டது. நகரும் நாளுக்குத் தேதி எழுதக் கூடாது, ஈஸ்டரிலிருந்து எத்தனை நாள் தள்ளி என்று எழுத வேண்டும். இந்த முறை நோட்டுக்குப் பதில் ஒரு பெட்டியில் அட்டைகள்: தேதிக்கு ஓர் அட்டை, நகரும் நாளுக்குத் தனி அட்டை. நகரும் அட்டைகளின் மூலையில் ஓர் எண் இருக்கும். சாம்பல் புதனுக்கு 'முன் 46', பெரிய வெள்ளிக்கு 'முன் 2', தூய ஆவி பெருவிழாவுக்கு 'பின் 49', மூவொரு கடவுளுக்கு 'பின் 56', திருஇருதயத்துக்கு 'பின் 68'. நம் நாட்டில் இலத்தீன் வழிபாட்டு மறைமாவட்டங்களில் ஆண்டவரின் விண்ணேற்றத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறோம், அதனால் அது 'பின் 39' அல்ல, 'பின் 42'. திவ்விய நற்கருணையும் அப்படித்தான், 'பின் 63'.

2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. அங்கிருந்து 68 நாள் எண்ணினால் ஜூன் 12, வெள்ளி. திருஇருதயத் திருநாள். அடுத்த நாள் கோடி அற்புதர் அந்தோணியார். இரண்டு அட்டையும் ஒட்டி நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்த வாரம் வீட்டில் எத்தனை விசேஷம் என்றே தெரிந்தது.

பெட்டியின் மூடிக்கு உட்புறம் 2025 முதல் 2050 வரை ஈஸ்டர் தேதிகளை எழுதி ஒட்டியிருக்கிறோம். அதில் மிக முந்தியது மார்ச் 25, 2035லும் 2046லும். மிகப் பிந்தியது 2038இல், ஏப்ரல் 25. ஆண்டுக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மாலை, மகள் மூடியைப் பார்த்து ஈஸ்டர் அட்டையை இடத்தில் வைப்பாள். பிறகு எண்ணி எண்ணி மற்ற அட்டைகளைச் செருகுவாள். அரை மணி நேர வேலை. அம்மா ஒரு மாலை முழுக்கக் குனிந்து செய்த வேலையில் இப்போது மிச்சம் இருப்பது இவ்வளவுதான்.

அட்டையும் பெட்டியும்

300 ஜிஎஸ்எம் ஐவரி அட்டை, 22க்கு 28 அங்குலத் தாள். 5க்கு 3 அங்குலமாக வெட்டினால் ஒரு தாளில் 36 அட்டை வரும். 12 தாள் வாங்கினோம். பைண்டிங் கடையில் கட்டிங் மெஷினில் வெட்டிக் கொடுத்தார்கள். 366 தேதி அட்டை, நகரும் அட்டைகள், மாதத் தடுப்புகள் போக இன்னும் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது.

முதலில் ஷூ பெட்டியில் வைத்தோம். கடற்கரை ஊர்க் காற்றுக்கு ஒரு மழைக்காலத்திலேயே பெட்டி தொய்ந்துவிட்டது. ஜெல் பேனாவில் எழுதியவை ஈரக்கையில் இழுபட்டன. இப்போது ஆசாரி செய்து தந்த பலாமரப் பெட்டி, பால்பாயிண்ட் பேனா, மூலையில் ராமபாணப் பூச்சிக்கு ஒரு துண்டு வசம்பு. பெட்டி மாதா படத்துக்குக் கீழே இருக்கும். அன்றைய அட்டை மட்டும் முன்னால் ஒரு பள்ளத்தில் நிமிர்ந்து நிற்கும். இரவு செபமாலை முடிந்ததும் சின்னவன் மறுநாள் அட்டையை எடுத்து வாசிப்பான், இன்றைய அட்டை பின்னால் போகும்.

கிழமை எழுத்து

கிழமை இல்லாத நாள்காட்டியில் கிழமை தெரிய வேண்டுமானால் என்ன செய்வது? திருச்சபையில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. ஞாயிறு எழுத்து என்பார்கள். ஜனவரி 1 முதல் ஏழு எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எல்லாத் தேதிகளுக்கும் கொடுத்துவிட வேண்டும். ஒரு வருடத்தில் எந்த எழுத்து ஞாயிற்றுக்கிழமையோ, அந்த எழுத்து உள்ள எல்லாத் தேதியும் ஞாயிறு. இலத்தீனில் ஏ முதல் ஜி வரை. நாங்கள் அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ என்று வைத்துக்கொண்டோம்.

2026இல் முதல் ஞாயிறு ஜனவரி 4. நான்காவது எழுத்து ஈ. ஆகவே ஈ போட்ட அட்டை எல்லாம் ஞாயிறு. பனிமய மாதா திருநாள் ஆகஸ்ட் 5க்கு எழுத்து எ. ஈயிலிருந்து உ, ஊ, எ என்று மூன்று தள்ளினால் புதன். 2027க்கு இ. லீப் வருடத்துக்கு மட்டும் இரண்டு எழுத்து வேண்டும், ஏனென்றால் பிப்ரவரி 29க்கு எழுத்து கிடையாது. 2028இல் பிப்ரவரி 29 வரை ஆ, மார்ச் முதல் அ. பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது. தங்கள் பிறந்தநாள் எந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வரும் என்று கணக்குப் போட்டு அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பொங்கல்தான் எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. 2024இல் ஜனவரி 15, 2025இல் 14, 2026இல் மறுபடி 15. அதற்கு ஒரு தனி அட்டை போட்டுக் கிளிப் மாட்டிவிட்டோம். 14ஆம் தேதி அட்டை புனித தேவசகாயத்தினுடையது. 1752இல் அதே நாளில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புனிதராக அறிவிக்கப்பட்டது 2022 மே 15 அன்று. சில வருடம் அவர் அட்டையோடு பொங்கல் கிளிப்பும் சேர்ந்து நிற்கும்.

பெயர்கள்

இந்த முறை ஒரு விதி வைத்தோம்: எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் ஒருவராவது இருந்தால்தான், அல்லது எங்கள் ஊரோடு தொடர்பு இருந்தால்தான் புனிதர் பெயர் ஏறும். பெயர்களைத் தேட ஆரம்பித்ததும் வேலை எங்கோ ஆழமாகப் போய்விட்டது. நம் வீடுகளில் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே புனிதருக்கு உண்டு. சூசை என்றாலும் யோசேப்பு என்றாலும் மார்ச் 19. இராயப்பர் பேதுரு, சின்னப்பர் பவுல், இருவருக்கும் ஜூன் 29. பெலவேந்திரர் அந்திரேயா, நவம்பர் 30. முடியப்பர் ஸ்தேவான், டிசம்பர் 26. தஸ்நேவிஸ் என்ற பெயரின் பொருளே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பனிமய மாதாவைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது, ஆகவே ஆகஸ்ட் 5. இரண்டு பெயரையும் அட்டையில் எழுதினோம்.

ஒரு சித்தப்பா பெயர் அந்தோணி. ஐம்பது வருடமாக ஜூன் 13 அன்று எல்லோரும் அவருக்கு வாழ்த்துச் சொல்வோம். ஞானஸ்நானச் சான்றை எடுத்துப் பார்த்தால் ஜனவரி 17. அது வேறொரு புனிதரான வனத்து அந்தோணியார் நாள்! "ஆமா, எங்க அம்மா வனத்து அந்தோணியாருக்குத்தான் நேந்துகிட்டதா சொல்லுவாங்க," என்றார் சித்தப்பா. இப்போது இரண்டு நாளும் அவருக்குப் போன் போகிறது.

தோமை என்ற பெயருக்கு அம்மாவின் பழைய செபப் புத்தகம் டிசம்பர் 21 என்கிறது. 1969இல் நாள்காட்டியைச் சீர்திருத்தியபோது அது ஜூலை 3க்கு வந்தது. ஜூலை 3இல் எழுதி, டிசம்பர் 21 அட்டையிலும் ஒரு வரி போட்டோம். பிலோமினா கொஞ்சம் கடினமாக இருந்தது. அந்தப் பெயர் உள்ள பெரியம்மா ஆகஸ்ட் 11 அன்று இன்றும் மெழுகுதிரி ஏற்றுகிறார். 1961இலேயே அந்தத் திருநாள் வழிபாட்டு நாள்காட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. நான் யோசித்துவிட்டு எழுதினேன். எங்கள் பெட்டி ஆலய நாள்காட்டிக்கு மாற்று இல்லை. பெரியம்மாவின் எழுபது வருட பக்திக்கு அதில் ஒரு வரி இடம் இருக்க வேண்டும் என்பது என் தீர்மானம்.

பதிவேடு

ஞானஸ்நான நாள்கள்தான் மிக அதிகமாகத் தொலைந்திருந்தன. அப்பாவின் சொந்த ஊர்ப் பங்கு அலுவலகத்துக்குப் போய்ப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டோம். உபதேசியார் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். ஓரங்கள் பொரிந்த பெரிய நோட்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர். பக்க ஓரத்தில் பிற்காலத்தில் சேர்த்த உறுதிப்பூசுதல், திருமணக் குறிப்புகள்.

அப்பாவின் பிறந்தநாள் பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1. அவர் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூன் 1தான், சேர்க்கும்போது வாத்தியார் வயதுக்கு ஏற்றபடி போட்டது. பதிவேட்டில் இருந்தது வேறு: பிறந்தது 1945 ஜூலை 22, ஞானஸ்நானம் ஜூலை 25. ஜூலை 25 சந்தியாகப்பர் திருநாள். அப்பாவின் பெயர் சந்தியாகு. குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இல்லாத அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவருக்கே தெரியாது. அந்த வரியின் மீது விரலை வைத்துக்கொண்டு அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். 2025 ஜூலை 22 அன்று, எண்பது வயதில், முதல் முறையாகச் சரியான நாளில், பூசையில் அவருக்காக வேண்டச் சொல்லிப் பூசைக் கருத்துக் கொடுத்தோம்.

ஊதாக் கோடு

மகளின் பிறந்தநாளில் நடந்தது இனி நடக்கக் கூடாது என்பதற்காக ஒரு சின்ன ஏற்பாடு. சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில்தான் வர முடியும். 29ஐச் சேர்த்து 36 நாள். அந்த 36 அட்டைகளின் மேல் ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு இழுத்தோம். கோடு போட்ட அட்டையில் விசேஷம் இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூடியைப் பார்க்க வேண்டும். மகளின் அட்டையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறது: 'விபூதிப் புதன் – 2018, 2024, 2029.' 2027இல் அவள் பிறந்தநாள் தவக்காலத்துக்குள் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை, அதனால் விருந்து உண்டு என்று அவளே கண்டுபிடித்துக் கீழே எழுதினாள்.

மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளுக்கும் ஒரு குறிப்பு வேண்டியிருந்தது. பெரிய வாரத்திலோ ஈஸ்டர் வாரத்திலோ அது விழுந்தால், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கழிந்த திங்களுக்குப் போகும். 2024இல் ஏப்ரல் 8க்குப் போனது, 2027இல் ஏப்ரல் 5க்குப் போகும்.

போனில் போட்டுக்கொண்டால் போதாதா என்று தம்பி கேட்டான். பிறந்தநாளுக்குப் போதும். ஆனால் 'ஈஸ்டருக்குப் பின் 68' என்று என் போனில் போட வழியில்லை. இன்னொன்று, போன் என் பையில் இருக்கிறது. பெட்டி எல்லோருக்கும் எதிரே இருக்கிறது.

தாத்தாவின் இரண்டு அட்டைகள்

நாங்கள் அதிக நேரம் பேசி முடிவெடுத்த விஷயம் இது. அம்மாவின் அப்பா 1999 ஏப்ரல் 2 அன்று இறந்தார். அன்று பெரிய வெள்ளி. பிற்பகல் மூன்று மணி வழிபாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் திண்ணையிலேயே சாய்ந்துவிட்டார். அம்மாவுக்குத் தாத்தாவின் நினைவுநாள் என்றால் பெரிய வெள்ளிதான். சென்னையில் இருக்கும் மாமாவுக்கு ஏப்ரல் 2. பெரிய வெள்ளியன்று எங்கும் பூசை கிடையாதே, பிறகு எப்படிப் பூசைக் கருத்துக் கொடுப்பது என்பது மாமாவின் வாதம். "அப்பா போனது ஆண்டவர் போன நாள்ல. தேதி யாருக்கு வேணும்?" என்பது அம்மாவின் பதில். இருபது வருடத்துக்கும் மேலாக இது தீரவில்லை.

கடைசியில் அட்டைகளை வைத்துக்கொண்டு பேசும்போதுதான் தெளிந்தது. இருவர் சொல்வதும் சரி, ஒருவர் தேதிக் கணக்கில் சொல்கிறார், மற்றவர் பாஸ்காக் கணக்கில் சொல்கிறார். ஆகவே தாத்தாவுக்கு இரண்டு அட்டை. ஏப்ரல் 2, எழுத்து அ: பூசைக் கருத்து, மாமா பொறுப்பு. நகரும் அட்டை 'முன் 2': சிலுவைப் பாதை முடிந்து கல்லறைக்குப் போதல், அம்மா பொறுப்பு. இந்த 2026இல் ஏப்ரல் 2 பெரிய வியாழன், மறுநாள் பெரிய வெள்ளி. இரண்டு அட்டையும் அடுத்தடுத்து நின்றன. மாமா குடும்பத்தோடு வந்து இரண்டு நாளும் எங்களோடு இருந்தார்.

அன்றிரவு மூடியில் உள்ள பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், இரண்டும் ஒரே நாளில் எப்போது வரும் என்று கேட்டாள். ஏற்கெனவே 2010இலும் 2021இலும் வந்திருக்கிறது. அடுத்தது எங்கள் பட்டியலில் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு வருடமாகக் கணக்குப் போட்டோம், 2050ஐத் தாண்டி, 2060, 2070 என்று போனது. 2083இல்தான் மறுபடி ஈஸ்டர் ஏப்ரல் 4. அப்போது அவளுக்கு 69 வயது. அவள் பேனாவை எடுத்துத் தாத்தாவின் இரண்டு அட்டைகளிலும் '2083 – ஒரே நாள்' என்று எழுதினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்துவிட்டு, அட்டைகளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.